காட்டோர வீடு தேடுபவர்களுக்கு, டர்பனிலிருந்து

'காட்டுக்கு நடுவே கனவு இல்லம்' என்று ஒரு வீட்டு விளம்பரத்தைப் பார்த்தால், படுக்கையறை எத்தனை என்று நான் இப்போதெல்லாம் முதலில் பார்ப்பதில்லை. படங்களைப் பெரிதாக்கி, என்ன மரங்கள் நிற்கின்றன என்று பார்க்கிறேன். டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு கிடையாது. தென்னாப்பிரிக்காவின் மொத்த நிலப்பரப்பில் இயற்கைக் காடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மலைச்சரிவுகளில் அடர்த்தியாகத் தெரிகிற மரக்கூட்டங்களில் பெரும்பகுதி, காகிதக் கூழுக்கும் பலகைக்கும் வரிசை வரிசையாக நட்டு வளர்க்கிற தைல மரம், பைன், சீகை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போய்வந்தவர்களுக்கு இந்த மூன்றும் நன்றாகவே தெரியும். அங்கே சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்கிய அதே மரங்கள்தான் இங்கேயும் மலை மலையாக நிற்கின்றன.

நான் தேனிப் பக்கத்துக்காரி. மொட்டை மாடியில் ஏறினால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும் ஊர். கல்யாணமாகி டர்பனுக்கு வந்த நாளிலிருந்து மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அந்த ஆசைக்கு என்னைவிட மூத்த சொந்தக்காரர் என் மாமியார். அவருடைய கதையைச் சொல்லாமல் இந்தத் தேடலைச் சொல்ல முடியாது.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் 342 பேரை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. அதில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். முக்கியமாகக் கரும்புத் தோட்டங்களுக்கு. ஒப்பந்தம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பவில்லை. டர்பனைச் சுற்றியிருந்த சரிவுகளிலும் ஆற்றங்கரைகளிலும் துண்டு நிலங்களைக் குத்தகைக்குப் பிடித்துக் காய்கறி போட்டார்கள். அத்தை பிறந்தது அப்படியொரு வீட்டில், கேட்டோ மேனரில். தகர வீடுதான். ஆனால் சுற்றிலும் மா, பலா, முருங்கை, பின்னால் ஓடை. 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று கோடு கிழித்தது. கேட்டோ மேனர் கோட்டுக்கு அந்தப்பக்கம் போனது. 1960-களில் அத்தையின் குடும்பம், இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கே கேட்கிற, ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட வீடு. வாசலில் மரம் கிடையாது. அப்போதுதான் புல்டோசர் ஓட்டி முடித்திருந்த செம்மண்.

அந்தச் சட்டம் 1991-இல் ரத்தானது. அப்போது அத்தைக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. மூன்று பிள்ளைகள், கடன், வேலை. விரும்பிய இடத்தில் வீடு வாங்கலாம் என்று சட்டம் சொன்னபோது கையில் காசு இல்லை. ஆகையால் எங்கள் வீட்டில் மரங்களுக்கு நடுவே ஒரு வீடு என்பது ஆடம்பரப் பேச்சு கிடையாது. பிடுங்கப்பட்ட ஒன்றைத் திரும்பக் கேட்பது. வீடு பார்க்கப் போன இடமெல்லாம் அத்தையும் வந்தார்.

முதலில் போனது மிட்லண்ட்ஸ். ஹௌவிக்கைத் தாண்டி, பனி மூட்டமும் குளிருமாக இருக்கும் பகுதி. டர்பன் வீட்டை விற்றுவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று நிறையப் பேர் அங்கே போகிறார்கள். எங்களுக்குக் காட்டிய வீடு அழகானதுதான். புல் வேய்ந்த கூரை, கல் அடுப்பு, மூன்று பக்கமும் உயரமான மரங்கள். ஏஜென்ட் உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தார். அத்தை மட்டும் வேலி ஓரமாக நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எல்லா மரமும் ஒரே வயசா இருக்கே மா. யாரோ நட்டதுதானே? நட்டவன் வெட்ட மாட்டானா?"

அவ்வளவுதான் விஷயம். பக்கத்து நிலம் மரக் கம்பெனிக்குச் சொந்தம். கூழுக்காக நடும் தைல மரத்தைப் பத்து வருடத்துக்குள் வெட்டிவிடுவார்கள். பைன் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும். வெட்டும் காலம் வந்தால் ரம்பச் சத்தம், லாரி, கடைசியில் மலை முழுக்க அடிக்கட்டைகள். நீங்கள் முப்பது வருட பாண்டு, அதாவது வீட்டுக் கடன், போட்டு வாங்கிய காட்சி, பாண்டில் பாதிகூடக் கட்டி முடிக்கும் முன்பே போய்விடும். அத்தை இன்னொன்றையும் கவனித்திருந்தார். அந்த மரங்களுக்குக் கீழே ஒன்றுமே முளைக்கவில்லை. சருகு மட்டும். ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

இயற்கைக் காட்டின் ஓரம் நின்றால் வித்தியாசம் காதிலேயே தெரியும். மரங்கள் ஒரே உயரமாக இருக்காது. கொடி, பாசி, தரையில் பன்னம், விழுந்த கிளையில் காளான். மிட்லண்ட்ஸிலும் அப்படிப்பட்ட காடு உண்டு, கார்க்லூஃப் பக்கம் மூடுபனி தங்குகிற பள்ளங்களில் ஒதுங்கிக் கிடக்கிறது. மஞ்சள்மரம் என்று நான் சொல்லிக்கொள்ளும் யெல்லோவுட் அங்கேதான் நிற்கிறது. அது இந்த நாட்டின் தேசிய மரம். வெட்டத் தடை உண்டு. 1998-ஆம் ஆண்டின் தேசியக் காடுகள் சட்டப்படி, இயற்கைக் காட்டுக்குள் இருக்கும் எந்த நாட்டு மரத்தையும் உரிமம் இல்லாமல் வெட்டவோ சேதப்படுத்தவோ முடியாது. அந்தக் காடு உங்கள் பத்திரத்துக்குள்ளேயே இருந்தாலும் இதுதான் விதி. வீட்டை நாலு அடி நீட்டலாம், காட்சி தெரிய ஒரு மரத்தை எடுத்துவிடலாம் என்ற கணக்கில் வாங்குபவர்கள் இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு இந்தச் சட்டம் பிடித்திருக்கிறது. நான் தூங்கும்போது பக்கத்துக் காட்டை அது காக்கிறது.

புல் கூரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் அந்த அழகில் மயங்குகிறார்கள். இங்கே குளிர்காலம்தான் வறண்ட காலம். மே முதல் ஆகஸ்ட் வரை மழை அபூர்வம். உள்நாட்டிலிருந்து சூடான மலைக்காற்று இறங்கும். நெருப்புக்கு அதைவிட நல்ல காலம் வேண்டாம். 2017 ஜூனில் நைஸ்னாவில் என்ன நடந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்: காட்டோர ஊர், நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்து போயின. புல் கூரைக்குக் காப்பீடு அதிகம். இடி அடிக்கும் பகுதி என்பதால் வீட்டைவிட்டுத் தள்ளி உயரமான இடிதாங்கிக் கம்பமும் நட வேண்டும். 1998-இலேயே வந்த இன்னொரு சட்டம், தீ பரவும் அபாயம் உள்ள நிலத்தின் சொந்தக்காரர் தன் எல்லையில் தீத்தடுப்பு வெட்டிப் பராமரிக்க வேண்டும் என்கிறது. யார் வெட்டுகிறார்கள், கடைசியாக எப்போது வெட்டினார்கள் என்று அந்த மிட்லண்ட்ஸ் வீட்டில் கேட்டோம். பதில் தெளிவாக வரவில்லை. அத்தைக்கு வேறொரு குறையும் இருந்தது. உறைபனி விழும் இடத்தில் கறிவேப்பிலை தாங்காது. நான் சிரிக்கவில்லை. கறிவேப்பிலை வளராத இடத்தில் அவரைக் கொண்டுபோய்க் குடிவைக்க எனக்கும் மனம் வரவில்லை.

அடுத்து க்ளூஃப். டர்பனிலிருந்து மேலே ஏறினால் வரும் பழைய பணக்கார ஊர். கிராண்ட்ஸ்க்ளூஃப் பள்ளத்தாக்கு காட்டை ஒட்டி வீடுகள். அந்தக் காடு உண்மையான காடு, அதில் சந்தேகமே இல்லை. முடிசூடிய கழுகு கூடு கட்டும் காடு. விலை எங்கள் கைக்கு எட்டாத விலை. இருந்தாலும் ஒரு வீடு குறைந்த விலைக்கு வந்தது. ஏன் குறைவு என்று பார்க்கத்தான் போனோம்.

போகும் முன்பு வழக்கறிஞர் மூலம் பழைய பத்திரத்தின் நகல் வாங்கிப் பார்த்தேன். இந்த மாகாணத்துப் பத்திரங்களெல்லாம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பதிவு அலுவலகத்தில் இருக்கின்றன. தட்டச்சு எழுத்து மங்கிய ஒரு பக்கத்தில், ஆசியர்கள் இந்த மனையை வாங்கவோ, வேலைக்காரராக அன்றி இங்கே குடியிருக்கவோ கூடாது என்ற பொருளில் ஒரு நிபந்தனை. குரூப் ஏரியாஸ் சட்டத்துக்கும் முந்தையது. 1922-லேயே டர்பன் நகரசபை தன் நிலத்தை இந்தியருக்கு விற்காமல் தவிர்க்க மாகாணச் சட்டம் வழி செய்திருந்தது; தனியார் மனைகளின் பத்திரங்களிலும் இப்படி எழுதும் வழக்கம் இருந்தது. 1946-இல் இந்தியரின் நில உரிமையை நெருக்கிய சட்டத்தை எதிர்த்து கேல் தெரு முனையில் கூடாரம் போட்டு உட்கார்ந்து, சிறைக்குப் போனவர்களில் நம் பெண்களும் நிறைய. எல்லாம் படித்த விஷயம்தான். ஆனால் நான் வாங்க நினைக்கும் வீட்டின் பத்திரத்திலேயே அதைப் பார்த்தபோது கை நடுங்கியது.

அத்தையிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப இது செல்லுமா?"

"செல்லாது அத்தை."

"அப்ப சமையலறையைக் காட்டச் சொல்லு."

சமையலறை நன்றாகத்தான் இருந்தது. கிழக்குச் சுவரில் காமாட்சி விளக்கு வைக்க இடமும் பார்த்துவிட்டார். பிரச்சினை வெளியே. பள்ளத்தாக்குச் சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் நிரப்பி, அதன்மேல் பாதி வீடு நிற்கிறது. நிரப்பிய மண்ணைத் தாங்கும் சுவர் லேசாக வெளியே சாய்ந்திருந்தது. அந்தச் சுவரில் தண்ணீர் வடிய விடும் துளைகள் உண்டு. குனிந்து பார்த்தால் எல்லாமே மண்ணும் வேரும் அடைத்துக் கிடந்தன. ஒரு துளைக்குள் விரலை விட்டேன், ஈரக் களிமண் வந்தது. மழை பெய்து வாரங்கள் ஆகியிருந்தன. அப்படியென்றால் சுவருக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் தேங்கி நிற்கிறது? மேலே வீட்டின் மூலையில், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த இடத்தில், ஒரு விரிசல் மறுபடி வாய் திறந்திருந்தது. பேனா நுனி போகும் அகலம்.

2022 ஏப்ரல் மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடுகள் சரிவோடு சேர்ந்து இறங்கின. வெள்ளம் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. அம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் நம்மவர்கள் எழுப்பிய கோயிலையே 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. காட்டோர வீடுகள் பெரும்பாலும் சரிவில்தான் இருக்கும், ஏனென்றால் சமதரைக் காட்டை எப்போதோ கரும்பு எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகையால் தரையைப் பார்க்காமல் மரத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வேன்.

இங்கே இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2022 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, வீட்டில் தனக்குத் தெரிந்த குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவத்தை விற்பவர் கொடுத்தால்தான் ஏஜென்ட் அந்த வீட்டை விற்கும் பொறுப்பையே ஏற்க முடியும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒப்பந்தத்தில் ஃபுட்ஸ்டூட்ஸ் என்று போட்டிருப்பார்கள். இருக்கிற நிலையில் எடுத்துக்கொள் என்று அர்த்தம். ஆனால் தெரிந்தே மறைத்த குறைக்கு அந்தச் சொல்லின் பின்னால் ஒளிய முடியாது. எங்களுக்குக் கொடுத்த படிவத்தில் விரிசல் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

நடுவில் எஷோவே போய் வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ட்லின்சா காடு ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. மர உச்சிகளுக்கு இடையே மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். அதில் நடந்தால் பறவைகள் நம் கண் உயரத்தில். கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே. காட்டோரம் இருப்பதற்கு ஊரைவிட்டு ஓட வேண்டாம் என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. ஆனால் அத்தையின் மருத்துவர், கோயில், சொந்தபந்தம் எல்லாம் டர்பனில். வயதானவரோடு வீடு தேடுபவர்கள் மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் என்பதைக் காட்சிக்கு முன்னால் வையுங்கள்.

அப்புறம்தான் நகரத்துக்குள்ளேயே தேடினோம். டர்பனில் காடு துண்டு துண்டாக ஊருக்குள் பிழைத்திருக்கிறது. அந்தத் துண்டுகளைச் சேர்த்து நகராட்சி டி-மாஸ் என்று ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. தனியார் மனைக்குள்ளும் அந்தக் கோடு வரும். கோட்டுக்குள் கட்டுவதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். இதைச் சுமை என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். நான் தேடியது அந்தக் கோடு பக்கத்திலேயே ஓடும் வீட்டைத்தான். கோடு இருக்கும் வரை எதிரே அடுக்குமாடி அத்தனை சுலபமாக வராது.

சாட்ஸ்வர்த்தை ஒட்டியே சில்வர்கிளென் காடு இருக்கிறது, மூலிகை நாற்றுப்பண்ணையோடு. அங்கே விற்பனைக்கு ஒன்றும் அமையவில்லை. கொஞ்சம் தள்ளி யெல்லோவுட் பார்க். ஸ்டெயின்பேங்க் குடும்பத்தவர் கொடுத்த நிலத்தில் ஒரு காப்புக்காடு, வரிக்குதிரையும் புதர்மானும் திரியும். முன்பு வெள்ளையர் பகுதி. அத்தை இத்தனை வருடம் இருந்த இடத்திலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான், ஆனால் அவர் அந்தத் தெருக்களுக்குள் முன்பு வந்ததே இல்லை.

வீடு பழையது. ஓட்டுக்கூரை, மூன்று அறை, பின்னால் மர டெக், அதற்கப்பால் வேலி, வேலிக்கப்பால் காடு. இந்த முறை எங்களுக்குக் கேள்விகள் தெரிந்திருந்தன. கூரையிலிருந்து மழைநீர் எங்கே போகிறது? 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,000 லிட்டர். 5,000 லிட்டர் ஜோஜோ டேங்க் இரண்டு வைத்தால் குழாயில் தண்ணீர் வராத நாட்களைச் சமாளிக்கலாம். 2022 வெள்ளத்தில் டொங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் அங்கே மக்கள் தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றார்கள். ஆகையால் டேங்க் வைக்க உறுதியான தளம் இருக்கிறதா என்று பார்த்தோம். பாம்பு? கேட்கத்தான் வேண்டும். பச்சை மாம்பா, கறுப்பு மாம்பா இரண்டும் டர்பன் காடுகளில் உண்டு. கூரைக்குக் கீழே இடைவெளிகளை அடைப்பது, சுவரோரம் கட்டை குவிக்காமல் இருப்பது, பாம்பு பிடிப்பவரின் எண்ணைக் கையில் வைத்திருப்பது. குரங்குகளுக்கு ஜன்னலில் வலை. அவற்றின் வீட்டுக்குப் பக்கத்தில் நாம்தான் போகிறோம்.

வாசலில் ஒரு சிரிங்கா மரம். நம் மலைவேம்பு. இங்கே வேம்பு கிடைக்காத காலத்தில் நம்மவர்கள் மாரியம்மனுக்கும், அம்மை போட்ட பிள்ளைக்கும் இந்த இலையைத்தான் வைத்தார்கள். அத்தை அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார், இதுதான் நம் வீடு என்று முடிவே செய்துவிட்டார். ஆனால் அது ஊடுருவும் மரங்களின் பட்டியலில் இருக்கிறது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடும். நகரத்துக்குள் பழைய மரத்துக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, புதிதாக நடக் கூடாது. காப்புக்காட்டுக்கு இத்தனை பக்கத்தில் அதை வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே சமயம் அத்தையிடம் வெட்டச் சொல்லவும் நா எழவில்லை. சில நாள் கழித்து அவரே ஆரம்பித்தார். "அந்தக் காட்டுக்கு ஆகாதுன்னா வெட்டிடு மா. இலை வேணும்னா கோயில்ல பறிச்சுக்கறேன். ஆனா வெட்டுறதுக்கு முன்னால ஒரு கற்பூரம் ஏத்தணும்."

போன வாரம் விலை எழுதிக் கொடுத்தோம். ஒப்பந்தத்தில் நாங்கள் சேர்த்த நிபந்தனைகளைக் கேட்பவர்களுக்காக: நிலத்தில் என்னென்ன ஊடுருவும் செடிகள் உள்ளன என்று விற்பவர் எழுத்தில் தர வேண்டும், ஊடுருவும் இனங்கள் பற்றிய விதிகளின்படி அது அவர் கடமை, உண்ணிச்செடி வேலி ஓரம் முழுக்க இருப்பதைக் கண்ணால் பார்த்தேன். மரம் அரிக்கும் பூச்சி இல்லை என்ற சான்றிதழ், மின்சாரச் சான்றிதழ். நாங்களே அமர்த்தும் கட்டடப் பொறியாளர் அஸ்திவாரத்தையும் வடிகாலையும் பார்த்து அறிக்கை தந்த பிறகே ஒப்பந்தம் உறுதியாகும். நகராட்சி ஒப்புதல் பெற்ற கட்டட வரைபடத்தில் அந்த மர டெக் இருக்க வேண்டும். இல்லையென்றால் விற்பவர் தன் செலவில் ஒப்புதல் வாங்கித் தர வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். முதல் மூன்றுக்கு விற்பவர் சரி என்றுவிட்டார். டெக் வரைபடத்தில் இல்லை என்று நேற்றுத் தெரிந்தது. அதற்கு எவ்வளவு விலை குறைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.